சீனன்குடாவிலிருந்து தென்கிழக்கே

ஈஸ்ட் ஹாம், லண்டன்
28.01.2006

என் அன்பு மலருக்கு,

இரண்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். நன்றாகத் திட்டு. தொலைபேசியில் பாதி இரைச்சல், மீதியை யார் கேட்கிறார்களோ என்ற பயம் என்று நீதானே சொன்னாய். அதனால் இனி நமக்குக் கடிதந்தான்.

விளையாட்டு வெளிவந்துவிட்டது மலர்! 'மொன்சூன் விங்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சண்டை இல்லை, வெடி இல்லை. சின்ன விமானங்களிலும் கடலில் இறங்கும் விமானங்களிலும் இந்து சமுத்திரத்துக் கரைகளைச் சுற்றிப் பறக்கலாம். மொம்பாசா, மாலைதீவு, கொச்சி. கடைசியாக எங்கள் திருகோணமலை. துறைமுகத்தைச் சேர்க்கவேண்டும் என்று நான் மூன்று கூட்டத்தில் வாதாடினேன். தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரே மேசையில் இருந்து படவரைஞர் பயிற்சி எடுத்தபோது "உன்ர கோடு வளையுது ஸல்ஹா" என்று என் கையில் தட்டினாயே, அந்தக் கை வரைந்த திருகோணமலையை இப்போது உலகம் முழுக்கச் சனம் பார்க்கிறது.

நீ சமாதான காலத்தில் வெயிலில் அலைந்து எடுத்து அனுப்பிய நூற்றுப் பதினெட்டுப் படங்களும், கைப்பட அளந்து வரைந்த உன் ஊர் சம்பூரின் வரைபடமும் என் மேசைக்கு மேலே ஒட்டியபடி இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் வந்து பார்த்து, யார் வரைந்தது என்று கேட்பார்கள். என் தோழி என்று சொல்வேன்.

அடுத்த கிழமை தம்பி ஸுஹைர் எங்கள் ஊர் கிண்ணியாவுக்கு வருகிறான். அவனிடம் இறுவட்டுக் கொடுத்துவிட்டிருக்கிறேன். உன் வீட்டுக்காரர் ஆனந்தராசா அண்ணனின் கொம்பியூட்டர் கடையில் போட்டுப் பாருங்கள். நல்ல பலமான கொம்பியூட்டர் வேண்டும், இல்லாவிட்டால் திக்கித் திக்கித்தான் ஓடும். நேரம் போதாமல் சில இடங்கள் குறைந்துபோயின. அதைப் பெரிதாக எடுக்காதே.

யார் யார் விளையாடினார்கள், என்ன சொன்னார்கள், ஒன்று விடாமல் எழுது. ஊரில் இருப்பவர்களின் வாய்தான் எனக்கு முக்கியம்.

உன் அப்பாவுக்கு என் சலாம்.

என்றும் உன்,
ஸல்ஹா


மத்திய வீதி, திருகோணமலை
26.02.2006

அன்புள்ள ஸல்ஹா,

நாங்கள் சுகம். இப்போதெல்லாம் பின்னேரத்தில் கடற்கரைப் பக்கம் ஒருவரும் போவதில்லை. போக இடம் இல்லாததால் எங்கள் கடையில் கூட்டம். இவருக்கு அதில் சந்தோஷம்.

ஸுஹைர் தந்த இறுவட்டைப் போட்டோம். ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

முதல் நாள் ஒருவருக்கும் விமானத்தை ஏற்றத் தெரியவில்லை. ஏழு தரம் கடலுக்குள் போனது. வங்கியில் வேலை செய்யும் சிவகுரு, கடைக்கு ஒவ்வொரு நாளும் வருகிறவர், "அக்கா, இது விளையாட்டில்ல, உத்தியோகம். எழும்புறதுக்கு முன்னமே இருவது பொத்தான் அமத்த வேணும்" என்றார். ஆனால் அவர்தான் விடாமல் பழகினார். இப்போது துறைமுகத்துக்குள் தண்ணீர் தெறிக்காமல் இறக்குகிறார். இன்னொருவர் அரை மணித்தியாலம் பறந்துவிட்டு, "சும்மா பறக்கிறதில என்ன கிடக்கு? சுடுறதுக்கு ஒண்டும் இல்லையோ?" என்று எழும்பிப் போனார். கோணேசர் கோயில் கோபுரம் குட்டையாக இருக்கிறதென்று ஒருவருக்குக் கோபம். மீன்பிடிக்கிற ஒருவர், "வள்ளத்துக்கெல்லாம் ஒரே நீலம் அடிச்சிருக்கினம், எங்கட வள்ளம் எங்க?" என்று கேட்டார். ஆனால் கடலைப் பார்த்துக் குறை சொன்ன ஆள் இல்லை. விடியற்காலையில் மலைகளுக்கு நடுவே வெள்ளி மாதிரிக் கிடக்கும் அந்தத் தண்ணீரை நீ மறக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

கிண்ணியா ஆட்கள் வந்த நாளைச் சொல்லவேண்டும். கலீலுர் றஹ்மான் மாஸ்ரரை உனக்குத் தெரியும், எங்கள் இரண்டு பேருக்கும் கணக்குப் படிப்பித்தவர். கதிரையை விட்டு எழும்பி நின்று, "இந்தா எங்கட பள்ளிவாசல்! இந்தா துறையடி! பாதைப் படகு நிக்குது பாருங்கோ!" என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சத்தம் போட்டார். சுனாமிக்கு முந்திய கிண்ணியாவை அப்படியே வைத்திருக்கிறாய் என்று சொல்லி அழுதார். உன் உம்மாவின் வீட்டு வேலியைக்கூடக் கண்டுபிடித்தார்கள்.

அப்பாவும் வந்தார். விளையாட்டில் சம்பூர் வருகிறதென்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். விடிய எழும்பி மாடுகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, மூதூரில் லோஞ்ச் படகு ஏறி, கையில் தயிர்ச் சட்டியோடு வந்து சேர்ந்தார். நல்ல சேட்டுப் போட்டிருந்தார். இவர் விமானத்தைச் சீனன்குடா ஓடுபாதையில் எழுப்பி, கொட்டியாரக் குடாவுக்கு மேலாகத் தென்கிழக்கே திருப்பினார். கரை வந்தது. பிறகு மரம். ஒரே மாதிரியான மரம்.

"கொஞ்சம் பதிச்சு விடுங்கோ தம்பி" என்றார் அப்பா. இவர் விமானத்தைத் தாழப் பதித்தார்.

"வில்லுக்குளம் தெரிய வேணுமே."

குளம் இல்லை. காளி கோயில் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. ஒரு கூரைகூட இல்லை ஸல்ஹா. மூன்று தரம் சுற்றினோம். கடையில் இருந்த மற்றவர்கள் தங்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அப்பா எழும்பி, "சரி, லோஞ்சுக்கு நேரமாகுது" என்றார். இறங்குதுறை வரைக்கும் கூடப் போனேன். ஏறும்போது கேட்டார்:

"அந்தப் பிள்ளை எங்கட வீட்டில தயிர் சாப்பிட்டவள்தானே?"

ஓம் என்றேன்.

வீடு வீடாகப் போய், கூரை உயரம் எவ்வளவு, முற்றத்தில் எத்தனை தென்னை என்று கேட்டு எழுதியவள் நான். என்னத்துக்குப் பிள்ளை என்று கேட்டவர்களுக்கெல்லாம், லண்டனில் எங்கள் ஊரைக் காட்டப்போகிறார்கள் என்று சொன்னேன். இப்போது ஊர்ப் பக்கம் போனால் அவர்களுக்கு நான் என்ன சொல்வேன்? எங்கே போனது சம்பூர்? எழுது.

மலர்


ஈஸ்ட் ஹாம், லண்டன்
22.03.2006

என் அன்பு மலர்,

உன் கடிதத்தை மூன்று நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

கோபிக்காதே. இப்படியான விளையாட்டில் ஒவ்வொரு வீடும் ஒரு சுமை. வீடு கூடினால் விமானம் திக்கும், திக்கினால் வாங்குகிறவர்கள் ஏசுவார்கள். வெளியிடுவதற்கு மூன்று மாதத்துக்கு முன்னால் கம்பனி கையில் கத்தரிக்கோலை எடுத்தது. மாலைதீவில் பதினொரு தீவு போனது. கொச்சியில் ஒரு பக்கம் முழுக்கப் போனது. வெட்டிய இடத்தில் மரத்தை நிரப்புவதுதான் வழக்கம். அது உன் ஊருக்கென்று செய்ததல்ல.

இங்கேயும் வாய்கள் பலவிதம். ஒரு சஞ்சிகை பத்துக்கு ஏழு கொடுத்து, 'கடல் அற்புதம், கரைதான் ஏழை' என்று எழுதியது. இன்னொன்று நாலுதான் கொடுத்தது. இணையத்தில் ஜெர்மன்காரர் ஒருவர், "எந்த வீதியிலும் ஒரு மனிதரைக் காணவில்லை, எல்லோரையும் எங்கே அனுப்பினீர்கள்?" என்று கேட்டிருந்தார். ஓடுபாதையில் தென்னை நிற்கிறதென்று நூறு பேர் முறைப்பாடு. எண்பத்தைந்து வயதான ஒரு கிழவர், உலக யுத்தத்தில் சீனன்குடாவில் இருந்தவராம், தான் விட்டுவந்தபோது இருந்த குடா அப்படியே இருக்கிறதென்று கம்பனிக்குக் கைப்படக் கடிதம் போட்டார். அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கிழமை, துறைமுகத்துக்குத் தெற்கே காடு அழகாக இருக்கிறதென்று ஒருவர் எழுதியிருந்தார். அதை வாசித்துவிட்டு மத்தியானம் எனக்குச் சாப்பிட ஏலவில்லை. அதையும் உனக்குச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த பதிப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன். அப்பாவிடம் சொல்லு, அந்தப் பிள்ளை தயிரை மறக்கவில்லை என்று.

உன்,
ஸல்ஹா


மத்திய வீதி, திருகோணமலை
07.05.2006

ஸல்ஹா,

அப்பாவிடம் இனி ஒன்றும் சொல்ல ஏலாது.

ஏப்ரல் இருபத்தைந்தாம் திகதி பின்னேரம் விமானங்கள் வந்தன. இங்கே வீட்டுக் கண்ணாடி நடுங்கியது. குடாவுக்கு அந்தப் பக்கம் புகை எழும்புவதை மொட்டை மாடியில் நின்று பார்த்தோம். துறைமுகத்திலிருந்தும் வெடித்துக்கொண்டே இருந்தது. லோஞ்ச் நின்றுவிட்டது. வீதி மூடிவிட்டார்கள். தொலைபேசி இல்லை. நாலாம் நாள்தான் சின்னம்மாவின் மகன் எப்படியோ வந்து சேர்ந்து சொன்னான். எல்லோரும் குளத்துப் பக்கம் ஓடியிருக்கிறார்கள். அப்பா பட்டியைத் திறந்துவிடத் திரும்பிப் போயிருக்கிறார். "மாடு கட்டினபடி நிக்குது, நீங்கள் போங்கோ" என்றாராம். குண்டு பட்டிக்குள்ளேயே விழுந்திருக்கிறது. அன்றைக்கே நாலு பேர் சேர்ந்து அவரை வேலியோரம் தாட்டுவிட்டு வெருகல் பக்கம் நடந்துவிட்டார்கள். ஒரே மகள் நான், ஒரு பிடி மண் போடவில்லை. மூன்று மைல் தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

இதை உனக்கு எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். இரண்டு விஷயம் நடந்தது. அதனால் எழுதுகிறேன்.

ஒன்று. எட்டாம் நாள் கடை திறந்தோம். வீட்டுக்குள் இருந்தால் எனக்கு விசர் பிடிக்கும் என்று இவர் என்னையும் கூட்டிப்போனார். சிவகுரு வந்தார். எங்கள் வீட்டில் செத்தது அவருக்குத் தெரியாது, ஊரில் யார் யாருக்குச் சொல்வது? வழக்கம்போல உன் விளையாட்டைப் போட்டார். பக்கத்தில் இருந்தவருக்குத் திரையில் விரலை வைத்துக் காட்டினார். "இதால வந்து, இதில பதிஞ்சு, இதிலதான் போட்டிருப்பாங்கள். பாருங்கோ, கீழ வெறும் காடு. ரேடியோவில சொன்னது சரிதான், சனம் இருக்கிற இடமே இல்லை."

நான் தேத்தண்ணியோடு அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் கெட்ட மனிதரல்ல. இவர் எழும்பிப் போய் அந்த இயந்திரத்தின் கம்பியைச் சுவரிலிருந்து இழுத்தார். "அது எங்கட மாமா இருந்த இடம்" என்று மட்டும் சொன்னார். சிவகுரு அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்டார். "எனக்குத் தெரியாது அண்ணை, அதில ஒண்டுமே இல்லையே, அதில ஒண்டுமே இல்லையே" என்றார்.

இரண்டாவது. ஸுஹைர் துக்கம் விசாரிக்க வந்தான். நல்ல பிள்ளை, மூன்று சோதனைச் சாவடி தாண்டி வந்தான். கதையோடு கதையாக, தன் அக்கா உன்னைப் பற்றி, "தாத்தாவிட்டத்தான் கேட்டவங்களாம், எந்த ஊரை விடுறது எண்டு. அவ எத்தனையோ நாள் நித்திரை கொள்ளேல்ல" என்றான். சொன்ன பிறகுதான் சொல்லக்கூடாததைச் சொன்னது அவனுக்கு விளங்கியது.

கம்பனி வெட்டியதென்று எழுதினாயே. கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது? நேராக எழுது. வளைக்காதே.

ராசமலர்


ஈஸ்ட் ஹாம், லண்டன்
30.05.2006

மலர்,

அப்பாவுக்காக இரண்டு கையையும் ஏந்தி அழுதேன். அதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

நேராகவே எழுதுகிறேன். என் கையில்தான் இருந்தது.

ஒக்டோபரில் என் மேலாளர் கூப்பிட்டார். "குடாவின் தென்பக்கத்தில் ஒரு ஊரைத்தான் வைத்திருக்கலாம். ஊரை அறிந்தவள் நீ, நாளைக்குக் காலையில் எதை என்று சொல்லு" என்றார். நாளை வரைக்கும் எனக்குத் தேவைப்படவில்லை. கிண்ணியா என்று அந்த இடத்திலேயே சொன்னேன். கடல் உம்மாவைக் கொண்டுபோய்ப் பத்து மாதம். வீடும் இல்லை, வேலியும் இல்லை, உம்மாவின் படம்கூட ஒன்று மிஞ்சவில்லை. ஸுஹைர் விளையாட்டுக்காக முன்னரே எடுத்து அனுப்பிய படங்களில் மட்டும் அந்த வீடு நின்றது. அதை எப்படி அழிப்பேன்? உன் அப்பா உயிரோடு இருந்தார், ஊர் நின்றது, எப்போதும் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நான் நினைத்தது அவ்வளவுதான்.

இல்லை, அவ்வளவுதான் இல்லை. இன்னொன்றும் இருந்தது. அந்த யூலையில் லண்டனில் குண்டு வெடித்த பிறகு, தலையை மூடிக்கொண்டு ரயிலில் போகிற எங்களை எப்படிப் பார்த்தார்கள் என்று உனக்குத் தெரியாது. சம்பூர் அப்போது இயக்கத்தின் கட்டுப்பாட்டில். அங்குள்ள வீடு, வீதி, குளமெல்லாம் அளவோடு உன் வீட்டில் ஏன் இருக்கிறது என்று ஒருவன் கேட்டால் என்ன சொல்வேன்? பயந்தேன். சம்பூரைக் கைவிட எனக்கு ஒரு காரணம் கிடைத்தபோது உள்ளுக்குள் ஆறுதலாகவும் இருந்தது. இதை ஸுஹைருக்கும் சொல்லவில்லை.

குண்டு போட்டவர்கள் என் விளையாட்டைப் பார்த்துப் போடவில்லை. அது உனக்கும் தெரியும். ஆனால் சிவகுரு சொன்ன வார்த்தைக்கு நான்தான் பொறுப்பு.

கம்பனி அடுத்த பதிப்பே செய்யப்போவதில்லை, போதிய அளவு விற்கவில்லையாம். அதனால் நானே செய்கிறேன். உன் படங்களும் வரைபடமும் என்னிடம் இருக்கின்றன. சனி ஞாயிறில் உட்கார்ந்து ஒவ்வொரு வீடாகக் கட்டுகிறேன். முடிந்ததும் அனுப்புவேன். பழைய விளையாட்டுக்கு மேலே போட்டால் ஊர் வரும்.

மன்னி என்று கேட்க எனக்கு வாயில்லை. பதில் மட்டும் எழுது.

ஸல்ஹா


ஈஸ்ட் ஹாம், லண்டன்
19.11.2006

மலர்,

ஆறு மாதமாக உன்னிடமிருந்து ஒரு சொல் இல்லை. மூன்று கடிதம் போட்டேன். போய்ச் சேர்ந்தது என்று ஸுஹைர் சொல்கிறான்.

ஓகஸ்டில் மூதூரில் நடந்தது உனக்கும் தெரியும். என் தங்கை றஹ்மா அங்கேதான் கலியாணம் செய்து இருந்தாள். இயக்கம் ஊருக்குள் வந்தது, எறிகணை விழுந்தது, கைக்குழந்தையோடு கந்தளாய்க்கு நடந்து போனாள். காலில் இரும்பு. இப்போது தடி ஊன்றி நடக்கிறாள். ஒரு நாள் ஆத்திரத்தில், மலர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே, எங்கள் காயம் அவளுக்குக் காயமில்லையா என்று நினைத்தேன். உன் மௌனத்துக்கு உரிமை இருக்கிறது. என் ஆத்திரத்துக்கும் கொஞ்சம் இருக்கிறது. நானும் வளைக்காமல் எழுதுகிறேன்.

செப்டெம்பரில் சம்பூர் முழுக்க இராணுவத்தின் கையில் வந்துவிட்டதாகவும், சனம் ஒன்றுகூட அங்கே இல்லை என்றும் இங்கே செய்தியில் வாசித்தேன். அன்றைக்கு நான் திரையில் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

முடித்துவிட்டேன் மலர். முன்னூற்று நாற்பது வீடு. வில்லுக்குளத்தில் தாமரை. காளி கோயில் தேர்முட்டி. நீ குறித்துத் தந்த ஒவ்வொரு குறுக்கு ஒழுங்கையும். அப்பாவின் வீட்டுக்கு மட்டும் நாலு ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். பட்டியில் மாடுகளும் வைத்திருக்கிறேன், அசையாத மாடுகள்தான், ஆனால் அந்தக் கொம்பு உடைந்த பசுவும் நிற்கிறது. இந்த விளையாட்டில் வேறெங்கும் மாடு இல்லை.

ஸுஹைர் இன்னும் லண்டனுக்குத் திரும்பவில்லை, கையில் கொடுத்துவிட ஆளில்லை. பதிவுத் தபாலில் ஆனந்தராசா அண்ணனின் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். மேலே சம்பூர் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அழகாக எழுதியிருக்கிறேன். உன் வரைபடத்தையும் உள்ளே வைத்திருக்கிறேன், அது உன்னிடம் இருக்கவேண்டியது.

ஒரே ஒரு தரம் பார். பிறகு என்னை வெறுப்பதென்றாலும் வெறு.

ஸல்ஹா


திருகோணமலை
18.03.2007

ஸல்ஹாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கலீலுர் றஹ்மான் மாஸ்ரர் கொழும்புக்குக் கொண்டுபோய்த் தபாலில் போடுவார். உறைக்குள் நீ எனக்கு எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. இவ்வளவு நாளும் அவர்தான் தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். எனக்காக அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். றஹ்மாவின் கால் பற்றியும் அவரிடந்தான் கேட்டு அறிந்தேன். நான் விசாரிக்காதது பிழை.

உன் பொதி வந்த விதம் இதுதான். டிசெம்பர் கடைசியில் பொதி வந்திருக்கிறதென்று கடைக்கு அறிவித்தல் வந்தது. இவர் ஜனவரி இரண்டாம் திகதி காலையில் தபால் கந்தோருக்கு எடுக்கப் போனார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வரவில்லை. பொதியை முதலே திறந்து பார்த்து, எடுக்க வருகிற ஆளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். இப்போது சம்பூர் ஒருவரும் கால் வைக்க ஏலாத இடம். அதன் வீதி, குளம், வீடு, எல்லாவற்றுக்கும் அளவோடு வரைபடம். ஆகாயத்திலிருந்து பார்க்கும் படம். லண்டனிலிருந்து. கடைக்காரரின் பெயருக்கு. வேறென்ன நினைப்பார்கள்?

பதினொரு நாள் இவர் எங்கே என்று தெரியாது. ஒவ்வொரு இராணுவ முகாம் வாசலிலும் நின்றேன். பன்னிரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஓர் அறை. மேசையில் கொம்பியூட்டர். ஓர் அதிகாரி இருந்தார், நன்றாகத் தமிழ் கதைத்தார். எனக்குக் கதிரை தந்தார். இவரை எங்கே என்று கேட்டேன். "முதல்ல இதைப் பாப்பம் அம்மா" என்றார். உன் விளையாட்டைத் தானே ஓட்டினார். கை நன்றாகப் பழகியிருந்தது, பல நாள் ஓட்டியிருப்பார் போல. சீனன்குடாவில் எழுப்பித் தென்கிழக்கே திருப்பினார்.

"நல்ல விளையாட்டு. இதைச் செய்தவர் கெட்டிக்காரர்" என்றார்.

கரை வந்தது. தென்னை வந்தது. பிறகு குளம். ஸல்ஹா, தாமரை வரைக்கும் தெரிந்தது. சின்னம்மா வீட்டு நீலக் கதவு, சங்கக் கடையின் உடைந்த ஓடு, பள்ளிக்கூட வாசலில் நான் படமெடுத்தபோது சாய்ந்து நின்ற சைக்கிள். நீ ஒன்றையும் விடவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் இது இருந்திருந்தால் அப்பா கதிரையை விட்டு எழும்பியிருக்கமாட்டார்.

அதிகாரி விமானத்தைப் பதித்து, ஒரு கூரைக்கு மேலே நிறுத்தி நிறுத்திச் சுற்றினார்.

"இது யாருடைய வீடு?"

பட்டிக்குள் மாடுகள் நின்றன. கொம்பு உடைந்த பசு நின்றது.

"தெரியாது" என்றேன்.

"அடையாள அட்டையில பிறந்த இடம் சம்பூர் எண்டு இருக்கு."

"ஓம், பிறந்தது அங்கேதான். இது அந்த ஊர் இல்லை."

"அப்ப இது என்ன?"

"கற்பனை. லண்டனில இருக்கிற ஒரு பொம்பிளை தன்ர மனம் போன போக்கில செய்திருக்கிறா. அவ சம்பூருக்கு வந்ததே இல்லை. எங்கட ஊரில இப்பிடி வீடுகள் இல்லை, இப்பிடிக் குளம் இல்லை."

"அந்தப் பொம்பிளை உங்களுக்கு யார்?"

"ஒரு வகுப்பில இருந்தவ. பெரிசாப் பழக்கமில்லை."

ஒவ்வொரு வீடாகக் கேட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் இல்லை என்றேன். யாருடைய பெயரைச் சொன்னாலும் அந்த ஆளை அகதி முகாமில் தேடிப் போவார்கள் என்று எனக்கு விளங்கியது. கோயிலைக் காட்டினார். இது எங்கள் கோயில் இல்லை என்றேன். அந்த வரைபடத்தை எடுத்து வைத்து, இது யார் வரைந்தது என்று கேட்டார். என் கோட்டை நானே பார்த்துக்கொண்டு, தெரியாது என்றேன். பின்னேரமாகிவிட்டது. எல்லாவற்றையும் எழுதி வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்து வைத்தேன்.

இவரைப் பெப்ரவரி முடியும்போது விட்டார்கள். மெலிந்துபோனார். இடது காது கேட்காது. கிழமைக்கு ஒரு நாள் போய் ஒப்பம் வைக்கவேண்டும். கடையைப் பூட்டி, இயந்திரங்களை எல்லாம் எடுத்துப்போய்விட்டார்கள். சிவகுருவையும் இரண்டு நாள் விசாரித்தார்கள், இப்போது எங்கள் வீதியால் அவர் வருவதில்லை. இவர் உன்னைக் குறை சொல்லவில்லை. "அந்தப் பிள்ளை நல்லதுக்குத்தான் செய்தவள்" என்று ஒரு நாள் சொன்னார். பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

நீ நல்லதுக்குத்தான் செய்தாய். எனக்கும் அது தெரியும். ஆனால் நீ முதலில் எங்கள் ஊரை அழித்தபோதும் என்னிடம் கேட்கவில்லை, பிறகு கட்டி அனுப்பியபோதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இப்போது அனுப்பாதே என்று சொல்லியிருப்பேன். ஆறு மாதம் பேசாமல் இருந்தது என் பிழை. பேசியிருந்தால் தடுத்திருப்பேன். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு ஒரே இடத்தில்தான் முடிகிறது.

படங்களை எரித்துவிடு. இனிக் கடிதம் போடாதே, ஸுஹைரிடமும் சொல்லி அனுப்பாதே. உன்னைப் பெரிதாகப் பழக்கமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன் கையால் ஒரு கடிதம் இந்த வீட்டுக்கு வந்தால் அது பொய்யாகிவிடும், இவரைத் திரும்பவும் கொண்டுபோவார்கள்.

என் கையெழுத்து அவர்களிடம் இருக்கிறது. அதனால் இதில் வைக்கவில்லை.